அப்பாவின் நோட்டில் இல்லாத மாத்திரை

"வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கிறீங்களாய்யா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லைங்க" என்றார் அப்பா. பக்கத்து நாற்காலியில் இருந்த நானும் இல்லை என்றே தலையாட்டினேன். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் போட்டு அரித்துக்கொண்டிருக்கிறது. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வாய் அகன்ற வெள்ளை டப்பா ஒன்று இருந்தது. அதை வாங்கிக் கொடுத்ததே நான்தான். காலையில் இரண்டு, ராத்திரி ஒன்று என்று அவர் விழுங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டும் இருந்தேன். ஆனால் 'மாத்திரை' என்ற சொல் காதில் விழுந்தபோது அந்த டப்பா எங்கள் இருவர் ஞாபகத்திலும் வரவில்லை.

அப்பாவுக்கு 72 வயது. இதயத் துடிப்பு தாளம் தப்பி ஓடுகிற சிக்கல் இருப்பதால் ஆறு வருடமாக வார்ஃபரின் எடுக்கிறார். ரத்தம் உறைந்து கட்டியாகி மூளைக்குப் போய் அடைத்துவிடக் கூடாது என்பதற்காகக் கொடுப்பது. வேலை குறைந்தால் கட்டி, கூடினால் கசிவு. அதனால்தான் மாதம் ஒரு முறை ஐ.என்.ஆர் பார்க்கிறோம். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைக் காட்டும் எண் அது, ஏற ஏற உறைவது தாமதமாகும். அவருக்கு அது 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். வருடக்கணக்கில் 2.3, 2.5, 2.4 என்று சமர்த்தாக இருந்த எண், அன்றைக்கு 4.6. டாக்டர் அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது; நடுவில் கருநீலம், ஓரத்தில் பழுப்பு. "எங்கே இடிச்சுக்கிட்டீங்க?" "இடிச்ச மாதிரி ஞாபகம் இல்லைங்களே."

அதற்குப் பிறகுதான் அவர் கேள்வியை மாற்றிப் போட்டார். "மாத்திரைன்னு வேண்டாம். பொடி, சத்து, எதுவா இருந்தாலும் வாய்க்குள்ள போறதைச் சொல்லுங்க." அப்பா முகம் தெளிந்தது. "ஓ, அதுவா? மூட்டுக்கு ஒரு சத்து சாப்பிடுறேன். பொண்ணு வாங்கிக் கொடுத்துச்சு." பெருமையாகத்தான் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதன்பிறகு பேச்சு முழுக்க அந்த டப்பாவைச் சுற்றியே ஓடி முடிந்தது. வார்ஃபரினை இரண்டு நாள் நிறுத்தச் சொன்னார், டப்பாவை எடுத்து வைக்கச் சொன்னார், ஒரு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார்.

சத்து என்றொரு சொல்

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைக் கையில் எடுத்துப் படித்தேன். வாங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக முழுதாகப் படிக்கிறேன். முன்பக்கம் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். அவர் முழங்காலில் மட்டும் ஒரு வெளிச்சம். பின்பக்கம் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ உரியதல்ல என்று இருந்தது. முன்னால் ஓடுகிறவர் சொல்வதைப் பின்னால் இருக்கிற வரி மறுக்கிறது. இரண்டும் ஒரே டப்பாவில் ஒன்றையொன்று பார்க்காமல் முதுகு காட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகின்றன.

மருந்து என்றால் நமக்கு ஒரு பயம் இருக்கிறது. அளவு கேட்போம், பக்கவிளைவு கேட்போம், எத்தனை நாள் என்று கேட்போம். சத்து என்றால் அந்தக் கேள்விகள் எல்லாம் காணாமல் போகின்றன. குழந்தைக்குச் சத்து, பயிருக்குச் சத்து. கூடுதலாகப் போனாலும் நல்லதற்குத்தான் என்கிற மாதிரி ஒரு சொல். சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் பார்க்கிறது. அமெரிக்காவில் 1994ல் வந்த சட்டத்தின்படி, இப்படிப்பட்ட பொருள் வேலை செய்கிறது என்று விற்பதற்கு முன்னால் அரசுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. இந்த மாதிரி மூட்டுச் சத்துகளில் இருக்கும் குளுக்கோசமைன் என்ற பொருளின் சல்ஃபேட் வகையை ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் மருந்தாகவே பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். கடலைத் தாண்டினால் சத்து மருந்தாகிவிடுகிறது. உள்ளே போகும் மூலக்கூறுக்கு இந்த எல்லைக்கோடுகள் எதுவும் தெரியாது.

உள்ளே இருப்பது என்ன? அப்பாவின் டப்பாவில் ஒரு நாள் அளவுக்குக் குளுக்கோசமைன் 1500 மில்லிகிராம், காண்ட்ராய்டின் 1200 மில்லிகிராம். ஆராய்ச்சிகளிலும் பெரும்பாலும் இதுதான் கணக்கு. குளுக்கோசமைன் ஒரு சர்க்கரை வகை. நம் உடம்பே அதைத் தயாரித்துக் குருத்தெலும்பைக் கட்ட எடுத்துக்கொள்கிறது. டப்பாவில் வருவது பெரும்பாலும் நண்டு, இறால் ஓடுகளிலிருந்து பிரித்தெடுப்பது, பூஞ்சையிலிருந்தும் எடுக்கிறார்கள். காண்ட்ராய்டின் மாட்டின் மூச்சுக்குழாய், பன்றி, சுறா ஆகியவற்றின் குருத்தெலும்பிலிருந்து வருவது. நம் குருத்தெலும்பு தேய்ந்தால் இன்னொரு பிராணியின் குருத்தெலும்பைத் தின்றால் சரியாகும் என்பது கேட்டவுடன் நியாயமாகப் படுகிற தர்க்கம். வழுக்கைக்கு முடியைத் தின்னச் சொன்னால் மட்டும் சிரிப்போம்.

சிக்கல் என்னவென்றால் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது. நரம்பும் கிடையாது. நடக்கும்போது அழுந்தி, காலைத் தூக்கும்போது விரிந்து, பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரிலிருந்துதான் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. விழுங்கிய குளுக்கோசமைன் குடலையும் கல்லீரலையும் தாண்டும்போதே பெரும்பகுதி தீர்ந்துவிடும். மிச்சம்தான் ரத்தத்துக்கு வரும், அதிலும் மிச்சம்தான் மூட்டுக்கு. சோதனைக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் குருத்தெலும்பு அணுக்கள் மேல் கொட்டி 'வேலை செய்கிறது' என்று காட்டிய அளவு, மாத்திரை விழுங்கியவரின் ரத்தத்தில் கிடைக்கிற அளவைப் போலப் பல மடங்கு. பஞ்சுக்குச் சாப்பாடு ஊட்ட நினைத்தால் அதை அழுத்தி விரிக்க வேண்டும், அதாவது நடக்க வேண்டும். இது டப்பாவில் அடைத்து விற்கக்கூடிய சரக்கு அல்ல.

படி என்ற கட்டம்

அப்பா கணக்குப் பிரிவில் 35 வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு எழுதக் கணக்கில்லாமல் தன் உடம்பையே எழுத ஆரம்பித்துவிட்டார். நீளவாக்கில் கெட்டி அட்டை போட்ட நோட்டு, ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு. தேதி, பி.பி., மாத்திரை, ஐ.என்.ஆர், கடைசியாகப் 'படி' என்று ஒரு கட்டம். வீடு இரண்டாவது மாடி. மொத்தம் 34 படி. சாயங்காலம் நடந்துவிட்டு ஏறி வரும்போது முழங்கால் வலி தாங்காமல் எத்தனை இடத்தில் நின்றார் என்பதுதான் அந்தக் கட்டத்தில் இருக்கிற எண். "வலி பத்துக்கு எத்தனைன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதும்மா. எத்தனை தடவை நின்னேன்னு தெரியும்" என்பார். ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் இதைவிட மோசமான அளவுகோல் வைத்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அன்று ராத்திரி அவர் தூங்கிய பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டப்பா எப்போது ஆரம்பித்தது, ஐ.என்.ஆர் எப்போது ஏறியது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிடும் என்று நினைப்பு. 'மாத்திரை' என்ற கட்டத்தில் வார்ஃபரின் இருந்தது, பி.பி. மாத்திரை இருந்தது, தலைவலிக்குப் போட்ட ஒற்றை மாத்திரை கூட நேரத்தோடு இருந்தது. மூட்டு டப்பா ஓரிடத்தில் கூட இல்லை. ஒரு நாள் விடாமல் எழுதுகிற மனிதர், ஒரு நாள் விடாமல் விழுங்கிய ஒன்றை ஒரு நாள் கூட எழுதவில்லை. சத்தைக் கணக்கில் யார் எழுதுவார்கள்?

கடைசியில் டப்பா வந்த தேதியை என் போனில் இருந்த குறுஞ்செய்தியில்தான் பிடித்தேன். மார்ச் 9. அதை வைத்துக்கொண்டு 'படி' கட்டத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஜனவரி கடைசியில் 5. முதல் மாடித் திருப்பத்தில் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்ட வாரம் அது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். பிப்ரவரி 10ல் ஓரத்தில் பென்சிலால் 'கா.தூ. 10' என்று ஒரு குறிப்பு. கால் தூக்குதல், பத்து தடவை. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தது: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடையின் முன்பக்கத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி இறக்க வேண்டும். பிப்ரவரி நடுவில் 'கா.தூ. 15', படி 4. மாதக் கடைசியில் 'கா.தூ. 20', படி 3. மார்ச் முதல் வாரம் படி 2. பிறகுதான் மார்ச் 9. மார்ச் கடைசியில் படி 1.

நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். 5லிருந்து 2 வரை இறங்கியது டப்பாவின் மூடியைத் திறப்பதற்கு முன்னால். ஆனால் "அந்தச் சத்து வந்த பிறகுதான் படி ஏற முடியுது" என்று அப்பா சொல்லாத ஆள் இல்லை. நானும் அதையே சொல்லி என் தோழி ஒருத்தியை அவள் மாமியாருக்கு வாங்க வைத்திருக்கிறேன். தன் கையால் தேதி போட்டு எழுதிய எண்ணையே அவர் மனம் மாற்றி வரிசைப்படுத்திக்கொண்டுவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்களே, இங்கே பனம்பழம் விழுந்த பிறகு வந்து உட்கார்ந்த காக்கைக்குப் பேர் போயிருந்தது.

இதில் எனக்கு நானே நன்றி சொல்லிக்கொள்ள வேண்டிய ஒன்று என் சோம்பல். ஜனவரி கடைசியில் எடுத்த முடிவை மார்ச் வரை தள்ளிப்போட்டேன். அன்றைக்கே வாங்கியிருந்தால் 5லிருந்து 1 வரை இறங்கிய அத்தனையும் டப்பாவின் கணக்கில் ஏறியிருக்கும், நோட்டும் அதற்குச் சாட்சி சொல்லியிருக்கும். மூட்டு வலி ஏறி இறங்குகிற வலி. உச்சத்தில் இருக்கும்போதுதான் எதையாவது வாங்கத் தோன்றும். உச்சத்துக்குப் பிறகு எதை விழுங்கினாலும், ஒன்றுமே விழுங்காவிட்டாலும், பெரும்பாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

நூற்றுக்கு அறுபது

இதற்குப் பிறகு நான் ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தேன். எல்லாவற்றையும் இங்கே கொட்டப்போவதில்லை. என்னை உட்கார வைத்தது ஒன்றுதான். அமெரிக்க அரசின் பணத்தில் நடந்து 2006ல் வெளியான பெரிய சோதனை. முழங்கால் தேய்மானம் உள்ள 1583 பேர், 24 வாரம். ஐந்து குழு: குளுக்கோசமைன் மட்டும், காண்ட்ராய்டின் மட்டும், இரண்டும் சேர்த்து, செலிகாக்சிப் என்ற வலி மாத்திரை, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தவர்களை எண்ணினார்கள். குளுக்கோசமைனில் 64 சதவீதம், காண்ட்ராய்டினில் 65.4, இரண்டும் சேர்ந்ததில் 66.6. ஆகா என்று தோன்றுகிறதா? வெறும் மாத்திரையில் 60.1. செலிகாக்சிப்பின் 70.1 மட்டும்தான் தற்செயல் என்று ஒதுக்க முடியாத வித்தியாசம்.

அந்த 60ஐத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு பேரில் அறுபது பேர் ஒன்றுமில்லாததை விழுங்கி, உண்மையாகவே தேவலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நடித்தவர்கள் இல்லை, ஏமாளிகளும் இல்லை. யாரோ கவனிக்கிறார்கள், ஏதோ செய்கிறோம், வலி தானாக இறங்குகிற காலமும் கூட வருகிறது. எல்லாம் சேர்ந்து அறுபது. 'எனக்குக் கேட்டது' என்று சொல்கிற ஒவ்வொருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். எது கேட்டது என்பதில்தான் தகராறு.

மறுபக்கத்துக்கும் வழக்கு இருக்கிறது, அதை மறைத்தால் நானும் டப்பாவின் முன்பக்கம் மாதிரி ஆகிவிடுவேன். அதே சோதனையில் நடுத்தரத்திலிருந்து கடும் வலி வரை இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 79.2 சதவீதம், வெறும் மாத்திரையில் 54.3. பெரிய இடைவெளிதான். விற்பவர்கள் பிடித்துக்கொண்டது இந்த வரியை. ஆராய்ந்தவர்களோ, சிறிய குழு, இன்னொரு சோதனையில் உறுதியாக வேண்டும் என்றார்கள். 2001ல் வந்த ஓர் ஆய்வு, 212 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்து, குளுக்கோசமைன் சல்ஃபேட் எடுத்தவர்களுக்கு முழங்கால் மூட்டின் இடைவெளி சுருங்கவில்லை என்றது. அதற்குத் தயாரிப்பாளரின் ஆதரவு இருந்தது. 2010ல் பத்துச் சோதனைகளை, 3803 பேரை, ஒன்றாகக் கூட்டிப் பார்த்தவர்கள் வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டால் பயன் என்று சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்றார்கள். 2017ல் ஸ்பெயினில் நடந்த ஒரு சோதனையை, வெறும் மாத்திரைக்காரர்களே நன்றாக இருந்ததால் பாதியில் நிறுத்தினார்கள். அமெரிக்க மூட்டு மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டி குளுக்கோசமைன் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறது. ஐரோப்பாவில் ஒரு நிபுணர் குழு, மருந்துத் தரத்தில் தயாரான சல்ஃபேட் வகையை மட்டும் இன்னும் பரிந்துரைக்கிறது. எனக்குப் படுவது: பயன் இருந்தால் சின்னது, அதுவும் எந்த வகை, யார் தயாரிப்பு என்பதைப் பொறுத்தது. அப்பாவின் டப்பாவில் இருந்தது ஹைட்ரோகுளோரைடு வகை. வாங்கும்போது அப்படி இரண்டு வகை உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

என் பக்கத்துக் கோணல்

இது வரைக்கும் அப்பாவின் கணக்கைத்தான் தணிக்கை செய்துகொண்டிருந்தேன். இனி என்னுடையது.

ஐ.என்.ஆர் 4.6 என்றதும், டாக்டர் என்னைப் பார்த்ததும், எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது: டப்பாதான். ஆதாரமும் கிடைத்தது. வார்ஃபரினோடு குளுக்கோசமைன் எடுத்தவர்களுக்கு ரத்தம் உறைவதில் மாற்றம் வந்ததாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு 20 புகார்கள் போயிருந்தன, உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஐ.என்.ஆர் ஏறியதாக 21 புகார்கள் இருந்தன, குளுக்கோசமைனை நிறுத்தியதும் அவற்றில் 17 சரியாயின என்று 2008ல் ஒரு மருத்துவ இதழ் தொகுத்துச் சொல்லியிருந்தது. படித்ததும் எனக்குள் ஒரு குரூரமான நிம்மதி. பார்த்தாயா, சொன்னேனே என்று யாரிடமோ சொல்வது போல.

பிறகு நோட்டின் மார்ச், ஏப்ரல் பக்கங்களைத் திறந்தேன். மார்ச் 20, ஐ.என்.ஆர் 2.5. டப்பா ஆரம்பித்துப் பதினொரு நாள் ஆகியும் எண் அசையவில்லை. ஏப்ரல் 8லிருந்து 12 வரை, காய்ச்சல். 'மாத்திரை' கட்டத்தில் பாராசிட்டமால், காலை, மதியம், ராத்திரி, ஐந்து நாளும். ஓரத்தில் 'சாப்பிடலை' என்று மூன்று நாள். ஏப்ரல் 17, ஐ.என்.ஆர் 4.6. பாராசிட்டமாலைத் தொடர்ந்து சில நாள் எடுத்தாலே வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஐ.என்.ஆர் ஏறலாம். காய்ச்சலில் ஏறலாம். சாப்பாடு குறைந்து, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே குறைந்தாலும் ஏறும். டப்பாவைக் கூண்டில் ஏற்ற எடுத்த நோட்டு, கூண்டுக்குள் இன்னும் மூன்று பேரைத் தள்ளிவிட்டது.

அப்பா ஒரே ஒரு முழங்காலை வைத்து டப்பாவைப் புகழ்ந்தார்; நான் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து அதைத் திட்டினேன். அவருடைய நிம்மதிக்கு 1583 பேரைக் கொண்டுவந்து சாட்சி கேட்டவள், என் பழிக்கு 20 புகார் போதும் என்று எழுந்துவிட்டேன். அந்தப் புகார்களில் எத்தனை பேர் அதே வாரம் காய்ச்சலில் கிடந்தார்களோ. இது உறைத்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை, எழுதினால் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று சொல்லவும் முடியவில்லை.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு தப்பும் ஒரே எடை இல்லை. கேட்காத ஒன்றைக் கேட்டது என்று நம்பினால் போவது கொஞ்சம் பணம். ரத்தம் இளகும் மாத்திரை எடுக்கிறவர் விஷயத்தில் ஒன்றுமில்லை என்று நம்பித் தப்பாகப் போனால், போவது வேறு. அதனால் நிரூபணம் இல்லாமலேயே டப்பா அலமாரி மேல்தட்டுக்குப் போனது. அது நியாயமான தீர்ப்பு இல்லைதான். சந்தேகத்தின் பேரில் எடுத்த முன்னெச்சரிக்கைக் கைது.

வார்ஃபரின் எடுக்காதவர்களுக்கு குளுக்கோசமைன் அவ்வளவு பயப்படுகிற பொருளே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று வருடம் வரை எடுத்துப் பார்த்த சோதனைகளில் வயிற்று உப்புசம், நெஞ்செரிச்சல், பேதி என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் வரவில்லை. தினமும் விழுங்குகிற வலி மாத்திரைகள் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் செய்வதோடு ஒப்பிட்டால் இது சாது. சர்க்கரை நோய் கூடும் என்ற பயமும் சோதனைகளில் பெரிதாக நிற்கவில்லை. நண்டு, இறால் ஒவ்வாதவர்களுக்கு ஒவ்வாமை தருவது பெரும்பாலும் சதையில் இருக்கிற புரதம், ஓடு இல்லை. ஆனாலும் அவர்கள் கேட்டுவிட்டு எடுப்பதே நல்லது. சல்ஃபேட் வகையில் பெரும்பாலும் உப்பு சேர்த்துத்தான் நிலைப்படுத்துகிறார்கள், பி.பி. உள்ளவர்கள் அதையும் கணக்கில் வைக்கலாம்.

நான் நிஜமாகவே பயந்தது வேறொன்றைப் படித்தபோது. 2022ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மூட்டு வலிக்கென்று விற்ற சில சத்து மாத்திரைகளைச் சோதித்துப் பார்த்தது. பட்டியலில் மூலிகையும் குளுக்கோசமைனும். உள்ளே, எழுதாமல், டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும். சாப்பிட்டவர்களுக்கு அற்புதமாகக் கேட்டிருக்கும், ஏன் கேட்காது? பிரச்சினை, தெரியாமல் பல மாதம் ஸ்டீராய்டு எடுத்தவர் அதைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தன் ஸ்டீராய்டைச் சுரக்க மறந்து போயிருக்கும், நிறுத்துவதே ஆபத்து. அதைப் படித்த பிறகு, 'ரெண்டே நாள்ல வலி போயிடுச்சு' என்று யாராவது ஒரு சத்தைப் பற்றிச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மெதுவாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு வேலை செய்கிற சத்துதான் நேர்மையானது போலிருக்கிறது.

மூட்டுக்கென்று விற்கிற மஞ்சள் கேப்சூலும் இதே வரிசைதான். வெறும் மஞ்சள் குடலைத் தாண்டுவது கஷ்டம் என்பதால் மிளகிலிருந்து எடுத்த பிப்பரினைச் சேர்க்கிறார்கள். அது உறிஞ்சலைப் பல மடங்கு ஏற்றும். ஏறியதும் அது பழைய மஞ்சள் இல்லை. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பின்தொடரும் ஒரு குழு, 2011க்கும் 2022க்கும் நடுவில் மஞ்சளால் வந்தது என்று பத்துப் பேரைக் கண்டது, ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேருக்குக் குறிப்பிட்ட ஒரே மரபணு வகை. 2018ல் நியூசிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு, வார்ஃபரினோடு மஞ்சள் சேர்ந்த பொருளை எடுத்த ஒருவருக்கு ஐ.என்.ஆர் 10க்கு மேல் போனதாக எச்சரித்தது. பத்து. அப்பாவின் 4.6க்கே நான் தூங்கவில்லை.

இதர

டப்பா மேல்தட்டுக்குப் போன இரண்டாவது வாரம் 'படி' கட்டத்தில் 2 வந்தது. "பாத்தியா?" என்றார் அப்பா, நோட்டைத் திருப்பிக் காட்டி. நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் 1. இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. கா.தூ. இப்போது 30, இரண்டு வேளை. ஐ.என்.ஆர் ஒரே வாரத்தில் 2.6க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. எதனால் இறங்கியது என்று கேட்காதீர்கள். காய்ச்சலும் போய்விட்டது, பாராசிட்டமாலும் நின்றுவிட்டது, சாப்பாடும் சரியாகிவிட்டது, டப்பாவும் இல்லை, வார்ஃபரினையும் இரண்டு நாள் நிறுத்தினோம். ஒரே நேரத்தில் ஐந்து கதவையும் சாத்திவிட்டு எந்தக் கதவு வழியாகக் காற்று வந்தது என்று கேட்கிற மாதிரி.

போன வாரம் மறுபடி டாக்டரிடம் போனோம். அப்பா புது நோட்டு போட்டிருந்தார். சிவப்புக் கோட்டில் ஒரு கட்டம் கூடியிருந்தது. கணக்குப் பிரிவுக்காரர் அல்லவா, தலைப்பு 'இதர' என்று இருந்தது. எதிலும் அடங்காத செலவையெல்லாம் தள்ளுகிற அதே 'இதர'. "இப்ப எல்லாத்தையும் எழுதுறேன் டாக்டர். வாய்க்குள்ள போறது எல்லாம்" என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிக்க ஆரம்பித்தார். தொண்டைக்குச் சப்பும் மிட்டாய், இரண்டு நாள். மலச்சிக்கலுக்கு ஒரு பொடி, வாரத்துக்கு ஒரு முறை. டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நானும்தான்.

"மஞ்சள் கேப்சூல், தினம் ஒண்ணு."

டாக்டரின் சிரிப்பு அப்படியே நின்றது. "இது எப்பலேர்ந்துங்கய்யா?"

"அது ரொம்ப நாளா இருக்குங்க. கூட நடக்க வர்றவர் ஒருத்தர் கொடுத்தார், முட்டிக்கு நல்லதுன்னு. மஞ்சள்தானே."

"போன தடவை சொல்லவே இல்லையே அப்பா?"

"சத்தைக் கேட்டாங்க, சொன்னேன். இதையா சத்துன்னு சொல்வாங்க?"

டாக்டர் பேனாவை எடுத்தார். பழைய நோட்டையும் கொண்டுவந்திருந்தேன். பையிலிருந்து அதை எடுத்து ஏப்ரல் பக்கத்தைத் திருப்பினேன். தேதி, பி.பி., மாத்திரை, ஐ.என்.ஆர், படி. அதோடு சிவப்புக் கோடு முடிந்துவிட்டது.